டோக்கன் ஐம்பத்தெட்டு

ஜூன் 10, திங்கள்

இன்று தொண்ணூற்றாறு டோக்கன். போத்தனூரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். டாக்டர் ஐந்தரைக்கு உட்கார்ந்து ஒன்பதே காலுக்கு எழுந்தார். ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. யாருக்கு எந்த ஊசி ஆகாது, யார் வெறும் ரிப்போர்ட் காட்ட வந்தவர், யாரை உடனே உள்ளே விட வேண்டும் — வெளியே உட்கார்ந்து நான்தான் பிரித்து அனுப்புகிறேன். பதினோரு வருடமாக. அதுவும் ஒரு வேலை என்று யாரும் சொன்னதில்லை.

ஜூன் 12, புதன்

பொன்னாத்தாள் அம்மா போய்விட்டார்.

டோக்கன் நாற்பத்தொன்று. "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்க அம்மணி" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே போய் டாக்டர் கிருபாசங்கரிடம் சொன்னேன். தலை நிமிரவில்லை. "எல்லாருக்கும் அவசரந்தானுங்க சாந்தாமணி. டோக்கன்படி வரட்டும்."

முறை வந்தபோது அந்தம்மா எழவில்லை. "இருக்கட்டுங்க, அந்தப் புள்ள கொழந்தையோட நிக்குது, மொதல்ல போவட்டும்." இப்படியே மூன்று பேரை முன்னால் விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் மரியாதை! நானும் விட்டேனே. பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் உக்கடம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

மகன் மதன்குமார் வந்து கத்தினார். டாக்டர் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "எங்கிட்ட யாருமே சொல்லலீங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

ஜூன் 13, வியாழன்

வேலையை விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். விட்டால் நான் சொல்லவில்லை என்றே ஆகிவிடும். போவேன்.

ஜூன் 15, சனி

காய்கறிக் கடையில் யாரோ: "அந்தக் கெழவிய உக்கார வெச்சே சாவடிச்சாளே, அவதான்."

அந்த டாக்டரை விடக் கூடாது. பொய் சொன்ன அதே வாயால், அதே இடத்தில் நின்று, உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கிறேன். சண்டை போட்டு இல்லை. அவர் சொன்னபடியே நடந்து.

ஜூன் 17, திங்கள்

டோக்கன் கொடுத்தேன். எண்ணைக் கூப்பிட்டேன். வேறெதுவும் செய்யவில்லை. பிரஷர் பார்க்கவில்லை, பழைய சீட்டு எடுத்து வைக்கவில்லை. உள்ளிருந்து டாக்டர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, இவருக்குப் போன தடவை என்ன மாத்திரை குடுத்தேன்?"

"தெரியலீங்க சார். டோக்கன்படி அனுப்பறனுங்க."

முகம் கறுத்துப் போனது. பத்தரை வரை முடியவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு இனித்தது.

ஜூன் 20, வியாழன்

"பழையபடி பண்ணுங்க, சாந்தாமணி. வேணும்னா நர்ஸ் ஒருத்தரு வெச்சுக்கலாம். டோக்கனை எழுபதோட நிறுத்திக்கலாம்." டாக்டர் கெஞ்சுகிறார்!

"அன்னைக்குச் சொன்னதை மாத்திச் சொல்லுங்க சார். மதன்குமாரைக் கூப்பிட்டு, கூட்டத்துல."

எழுந்து போனார். சரி. பார்க்கலாம்.

ஜூன் 24, திங்கள்

ஆட்டோ ஓட்டும் முகமது ரியாஸ். டோக்கன் ஐம்பத்தெட்டு. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மணி ஏழு ஐம்பது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தாறு.

நான் எழவில்லை.

இவனும் விழட்டும், அப்பத்தான் அந்தாளுக்குப் புரியும்னு — இப்படியா நெனச்சேன்? ஆமா, நெனச்சேன். கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பதினோரு நிமிசம். அவரு வாயைத் தொறந்து மூச்சை இழுத்தப்பத்தான் ஓடினேன். கதவைத் தள்ளி, "இப்ப வாரீங்களா, இல்லையா?"ன்னு கத்திப்போட்டேன்.

டாக்டர் ஓடிவந்தார். ஈசிஜி, மாத்திரை, ஆம்புலன்ஸ்.

ஜூன் 26, புதன்

ரியாஸ் பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்களாம்.

ஜூலை 1, திங்கள்

மதன்குமாரை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். "அன்னைக்கு இவங்க வந்து சொன்னாங்க. நாந்தானுங்க கேக்கலை. நான் சொன்னது பொய்."

மதன்குமார் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் டோக்கன் கட்டையே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

எழுபது டோக்கன்தான் இப்போது. வாசலிலேயே நர்ஸ் நித்யஸ்ரீ பிரஷர் பார்த்து, என்ன பண்ணுகிறது என்று கேட்கிறாள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் சிவப்பு டோக்கன். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எட்டரைக்கு வீட்டில் இருக்கிறேன்.

ரியாஸின் மனைவி யுஸ்ரா வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உங்களாலதான் இருக்காருன்னு டாக்டர் சொன்னாருக்கா. வந்ததுமே கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"வந்ததுமே" என்றேன்.