முப்பத்தெட்டு வினாடி ஜெபத்துக்கு மூன்று வருடத் தடை

அனுப்புநர்
சு. ஈவாஞ்சலின், க/பெ சுந்தர்சிங்,
கோயில் தெரு, சாத்தான்குளம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், தூத்துக்குடி.

பொருள்: தென்முனை இணையவழிக் கல்வி மையம் எனது பி.காம். கடைசித் தாளை ரத்து செய்தது, என் ஜெபத்தின் பதிவை வெளியே விட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் கணவர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் தவறி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் நான் போய் வகுப்பு முடித்துத் திரும்பும்படி கல்லூரி எதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பையே வீட்டிலிருந்து தனியாகப் படித்து எழுதியவள் நான். இணையவழிப் படிப்பு வந்ததால்தான் கட்டிலருகே போனைச் சாய்த்து வைத்து மூன்று வருடம் வகுப்பு கேட்டேன். பதினேழு தாள் தேறினேன். பட்டம் கிடைத்தால் ஆகஸ்டு முதல் ஒரு லாரி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை உறுதி. வேறு வழி எங்களுக்கு இல்லை.

2. கடந்த 10.05.2025 காலை 10 மணிக்குக் கடைசித் தாள். எங்கள் சபையில் சிறு பிள்ளைகளும் கேள்வித்தாளைக் கையில் வாங்கிய பிறகே ஜெபம் செய்வார்கள். நானும் திரையில் தாள் திறந்ததும் கண்ணை மூடி, மெல்ல வாய்விட்டு முப்பத்தெட்டு வினாடி ஜெபித்தேன். காப்பியடிப்பதைப் பிடிக்கப் போனின் கேமராவும் மைக்கும் தேர்வு நேரம் முழுக்கப் பதிவு செய்துகொண்டிருக்கும். 10.04க்கு "உதடு அசைவு, பேச்சு" என்று காட்டித் தேர்வு மூடிக்கொண்டது.

3. திங்களன்று பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளைக் கணவருக்குத் துணை வைத்துவிட்டு மையத்துக்குப் போனேன். ஒருங்கிணைப்பாளர் திரு. ஜெயகணேஷ், ஆறு பேர் முன்னிலையில் அந்தப் பதிவைச் சத்தமாகப் போட்டார். "அவர் முதுகுப் புண்ணின் நாற்றத்தை நான் அருவருக்காதிருக்கப் பெலன் தாரும் ஆண்டவரே" என்று நான் கேட்டது அதில் இருக்கிறது. முடிந்ததும் ஒருவர் "ஆமென்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

4. பிறகு விளக்கப் படிவம் கொடுத்தார்கள். "யாருடன் பேசினீர்கள்: பெயர்" என்ற கட்டத்தில் கர்த்தராகிய இயேசு என்று எழுதினேன். திரு. ஜெயகணேஷ் அதைக் கிழித்துவிட்டு, "அடுத்த கட்டத்துல போன் நம்பர் கேக்குமேக்கா, என்ன போடுவிய? யாருமில்லன்னு போடுங்க, ஜூலைல எழுத விட்டுருவாவ" என்றார். கணவரைப் புரட்டும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது; சங்கரம்மாளால் தனியாகப் புரட்ட முடியாது. புதுப் படிவத்தில் "யாருமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

5. 26.05.2025 அன்று ஆணை வந்தது. யாரிடமும் பேசவில்லை என்று தேர்வரே ஒப்புக்கொண்டபடியால் கேள்விகளை வாய்விட்டு வாசித்து வெளியே அனுப்பியதாகக் கருதி மூன்று வருடத் தடை என்று அதில் உள்ளது. விசாரித்தபோது, தடை விதித்த குழுவினர் படிவத்தை மட்டும் பார்த்தார்களாம், பதிவைக் கேட்கவில்லையாம். அலுவலகத்தில் சிரிக்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

6. அந்தப் பதிவு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. கணவரின் தம்பி ஜெஸ்டின் அதைக் கொண்டுவந்து, "ஒம் பொண்டாட்டி சாமிட்ட என்ன கேக்கான்னு பாரு" என்று அவர் காதிலேயே வைத்தார். அன்றிலிருந்து கணவர் என்னைத் தொட விடுவதில்லை. நான் பக்கத்தில் போனால், "தள்ளிப் போளா, நாறும்" என்கிறார். சங்கரம்மாள் வரும்போதுதான் புரட்டுகிறோம். அந்த அம்மாவுக்கும் வீடு இருக்கிறது. நாளுக்கு மூன்று முறைதான் வர முடிகிறது. புண் இப்போது எலும்பு வரை போய்விட்டது.

7. ஆகவே ஐயா அவர்கள் தடையை நீக்கி, ஜூலையில் என்னைத் தேர்வெழுத விடவும், பதிவைப் பரப்பியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இவற்றுக்கு நாளானாலும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் "யாருமில்லை" என்று நான் கையெழுத்திட்ட அந்தப் படிவத்தை அவர்கள் கோப்பிலிருந்து எடுத்து உடனே என்னிடம் தரச் செய்யுங்கள். நகல் வேண்டாம் ஐயா. அசல் வேண்டும்.

நாள்: 09.06.2025
இடம்: தூத்துக்குடி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சு. ஈவாஞ்சலின்