மைமூனும் ஐந்து கதைகளும்

7-7-86, திங்கள்

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிப் பள்ளிக்கு நடந்தே. செருப்பு வார் அறுந்தது.

ஞாயிறு தமிழ்ச் சங்கத்தில் பேச வேண்டும். தலைப்பு அவர்கள் கொடுத்தது: 'இன்றைய சிறுகதைகளில் தனியே ஊர்விட்டு வரும் சிறுவர்'. ஓடிவந்த பையனைப் பற்றி நாலு வருஷம் முன்பு நான் ஒரு கதை எழுதியதால் எனக்கு இந்த யோகம். பழைய பத்திரிகைகளில் தேடி ஐந்து கதை எடுத்து வைத்தேன், என்னுடையதையும் சேர்த்து. சின்னதாக ஒரு குறிப்பும் எழுதினேன்.

பள்ளி கேட்டில் ஒரு பெண்பிள்ளை. பதினொன்று இருக்கும். பச்சைப் பாவாடை, சொட்டச் சொட்ட நனைந்து. இந்த ஊர்ப் பிள்ளை இல்லை. நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

"யாரும்மா நீ?"

"போர்டு தமிழ்ல இருந்திச்சி. அதான் நின்னேன்."

பெயர் மைமூன். மேலப்பாளையம். மெட்ராஸில் வண்டி மாறி, தாதரில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள். கூட யாரும் இல்லை. உம்மா இறந்து இரண்டு வருஷம். வாப்பா காதர், தாராவியில் தோல் பட்டறையில். ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. கையில் அவருடைய பழைய இன்லண்ட் லெட்டர், மடிப்பெல்லாம் கிழிந்து.

ஹெட்மாஸ்டர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். பதில்: முதலில் தகப்பனைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் சனிக்கிழமை கூட்டி வாருங்கள்.

எங்கே விட? வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

8-7-86, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. என் பழைய ரவிக்கையை மைமூனுக்குப் பிடித்துத் தைத்தேன்.

வீட்டில் இவருக்கு இஷ்டமில்லை. திட்டவும் இல்லை. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நியாயம்தான்.

ஊரில் சாச்சி, அதாவது சின்னம்மா, வீட்டில் இருந்தாளாம். பீடி சுற்றுவாள். ஏன் வந்தாய் என்று கேட்டேன். அடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டு.

"சாச்சி நல்லவிய. அவியளுக்கே அஞ்சு பிள்ளையள். எனக்குப் போட்டுட்டு அவிய திங்க மாட்டாவ. பாத்துக்கிட்டே எப்பிடி இருக்க?"

ஐந்து கதையிலும் பிள்ளை அடி தாங்காமல்தான் ஓடி வருகிறது.

9-7-86, புதன்

பட்டறை விசாரித்தேன். லெட்டரில் இருந்த இடத்தில் இப்போது வேறு ஆள், சூட்கேஸ் பூட்டு செய்கிறவர். காதர் பாய் மசூதிக்குப் பின்னால் போய்விட்டதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், மைமூன் நான் எடுத்து வைத்த கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து. என் கதைக்கு வந்திருந்தாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

"நல்லாருக்கா?"

"இந்தப் பையன் ரயில்ல எங்க ஒண்ணுக்குப் போனான்னு போடலியே."

"அதெல்லாம் போட மாட்டாங்க."

"நான் ரெண்டு நாளும் தண்ணி குடிக்கல. எந்திரிச்சா எடம் போயிரும். கக்கூஸ் பக்கம் ஆம்பிளையளா நிப்பாவ." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி, "இவன் ஜன்னல் பக்கம் இருந்து அழுதான்னு இருக்கு. அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே, கூட ஆள் இல்லன்னு. நான் எதிர்ல இருந்த அம்மாவப் பாத்து சிரிச்சிக்கிட்டே வந்தேன். அவிய பிள்ளைன்னு நெனச்சிக்கிட்டாவ, டிக்கட் கேக்கறவரு."

அந்த அழுகையைப் பாராட்டித்தான் எனக்கு அத்தனை வாசகர் கடிதம் வந்தது.

பேச்சுக் குறிப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. ஐந்தும் பையன்கள். ஐந்திலும் ஸ்டேஷனில் ஒரு நல்லவர் டீ வாங்கித் தருகிறார். இரண்டில் முதலாளி ஆகிறான், இரண்டில் சாகிறான். என்னுடையதில் அப்பா ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்.

10-7-86, வியாழன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

நாலு மணிக்கு மைமூனோடு போனேன். மசூதி பின்சந்து, தோல் நாற்றம், காலடியில் கறுப்புத் தண்ணீர். கதவில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. இந்தியில் யார் என்று கேட்டாள். காதர் பாய் இருக்கிறாரா என்றேன். உள்ளே திரும்பி, "அஜி சுன்தே ஹோ" என்று கூப்பிட்டாள். புருஷனைக் கூப்பிடுகிற விதம் அது.

வந்தார். ஒல்லி. கையில் தோல் வாருகிற கத்தி. மைமூனைப் பார்த்தார். அப்படியே நின்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"மேலப்பாளையம் காதர்தானே நீங்க?" என்றேன்.

அவர் கத்தியை மற்ற கைக்கு மாற்றினார். மைமூன் பார்த்தாள். அவரை, குழந்தையை, மறுபடி அவரை. பிறகு என் கையை இழுத்தாள்.

"இது வேற ஆளு டீச்சர். எங்க வாப்பா இல்ல. வாங்க."

திரும்பிவிட்டாள். நானும் பின்னால். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து, மெதுவாக: "கல்லு வழுக்கும், மைமூனு. பாத்துப் போ."

நான் அங்கே அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கேட்டேன். "வேற ஆளு டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

11-7-86, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், சளி.

மத்தியானம் நான் மட்டும் போனேன். பட்டறை வாசலிலேயே பிடித்தேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். கத்தினேன். அவர் கை கூப்பினார்.

"இவ கிட்ட முன்னால ஒரு கல்யாணம் உண்டுன்னு சொல்லல டீச்சரம்மா. இது அவ அண்ணன் எடம், அவரு பட்டறை. தெரிஞ்சா இன்னைக்கே தெருவுலதான்."

"பெத்த பிள்ளை. தனியா வந்திருக்கா."

"அதுவே, நான் வாப்பா இல்லன்னு சொல்லிட்டுல்லா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

என்ன செய்வது இந்த மனுஷனை? அடிக்கலாம். போலீசில் சொல்லலாம். சொன்னால் அந்தக் கைக்குழந்தை? திரும்பி வந்துவிட்டேன். ரேஷன் கடைக்குப் போக மறந்தேன்.

12-7-86, சனி

ஸ்டேஷன். பெண் போலீஸ் ஒருவர், தங்கமானவர், தமிழ் தெரியாது. "ஆப் இஸ்கி கோன் ஹை?" நீங்கள் இவளுக்கு யார்?

யார்? டீச்சர் என்றேன். இவள் பெயர் என் வகுப்பில் கூட இல்லை.

குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். மைமூன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். எதிரே இருந்த போலீஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவரைக் காரணம் காட்ட முடியாது.

13-7-86, ஞாயிறு

சங்கம். நாற்பது பேர். ஃபேன் ஓடவில்லை.

மைமூனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். யாரென்று சொல்வது? தகப்பன் பெயர் கேட்பார்கள். முன் வரிசையிலேயே தாராவிக்காரர்கள் ஆறேழு பேர். திங்கட்கிழமை எழுதிய குறிப்பையே படித்தேன்: மனிதநேயம், நம்பிக்கை, கருணை. கைதட்டல். ஒரு பெரியவர் வந்து, "உங்க கதையில அந்தப் பையன் அழற எடம், கண்ணு கலங்கிடுச்சும்மா" என்றார்.

தலைவலி. சாப்பிடவில்லை.

17-7-86, வியாழன்

அரை நாள் லீவு. இல்லத்துக்குப் போனேன். மைமூனுக்குத் தலை மழித்திருக்கிறார்கள், பேன். காது பெரிதாகத் தெரிந்தது.

அதிகாரி மராத்திக்காரர், பொறுமைசாலி. தகப்பன் இருந்தால் வரவழைப்போம், இல்லையென்றால் துணைக்கு ஆள் போட்டு ஊருக்கு அனுப்புவோம் என்றார். தகப்பன் இறந்துவிட்டதாக அவள் சொல்கிறாளாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

மைமூன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாது என்றேன்.

ஊரில் சாச்சிக்குத் தமிழில் கடிதம் போட வேண்டும், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று பேப்பர் தந்தார். எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. நான் நல்லாருக்கேன். ஊருக்கு வாறேன். இனிமே ராத்திரி பசிக்காது எனக்கு, இங்க பழகிட்டு. வாப்பா மவுத்தாயிட்டாவ.

பேனா நின்றது. எப்படி என்று சாச்சி கேட்பாளே, என்ன எழுத என்றேன்.

யோசித்தாள்.

"காய்ச்சல்னு போடுங்க. ஒரு நாள் காய்ச்சல். வலிச்சிருக்காது."

காய்ச்சல் என்று போட்டேன்.