முன்னிருக்கையிலிருந்து தெரியும் மலை

மார்ச் 3

இன்றைக்குப் பனியாற்றில் இறங்கினேன். விமானத்தை ஓட்டியது நான். கற்றுக்கொடுக்கும் ஜோலீன் பின்னிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் அவள் சொல்கிறாள். திரும்பிப் பார்க்க எனக்கு ஏது தைரியம்!

"மூச்சு விடுங்க மாவிஸ். நீங்க மூச்ச அடக்கினா பிளேன் ஒண்ணும் லேசாயிடாது."

இரண்டு பக்கமும் கருங்கல் சுவர்கள், தலைக்கு மேல் எங்கேயோ போய் முடிகின்றன. நடுவே அகன்ற வெள்ளைத் தெரு மாதிரி பனியாறு. சக்கரத்துக்குப் பதில் மாட்டியிருக்கும் ஸ்கீ பலகைகள் பனியைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. ஆட்டம் நின்றதை வைத்துத்தான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்தது. எஞ்சினை அணைத்தேன். உச்சியில் ஒரு பிடி பனி சரிந்து, புகைபோல இறங்கி, பாதி வழியிலேயே காணாமல் போனது.

ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எனக்குக் கிடைக்கும் என்று யார் நினைத்தது?

வீட்டுக்கு வந்தேன். என் கணவன் ஹார்லன் மூஸ் மான் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தான். "எப்படி இருந்துச்சு?" என்றான், திரும்பாமல்.

"பரவால்ல" என்றேன்.

மார்ச் 4

ஏன் பரவாயில்லை என்றேன்?

ஹார்லன் முப்பது வருடம் இந்த மலைகளில் விமானம் ஓட்டியவன். மலையேறிகளை, தபாலை, ஒருமுறை பிரசவ வலியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனவன். போன வருடம் ஒரு காலையில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோதே வலிப்பு வந்து விழுந்தான். அந்த ஒரு தடவைதான். ஆனால் இனிமேல் விமானம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

அவனோடு எத்தனையோ முறை பறந்திருக்கிறேன், பின்னிருக்கையில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. அப்படிப்பட்டவள்தான் "நான் கத்துக்கறேன், பிளேன் வீட்டுலயே இருக்கட்டும்" என்றேன். வாடிப்போன அவன் முகத்துக்காகச் சொன்னது. சத்தியமாக அவனுக்காகத்தான்.

பிறகு எனக்குப் பிடித்துப்போயிற்று. அதைத்தான் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. பசியோடு இருப்பவன் எதிரில் உட்கார்ந்து, என்ன ருசி என்ன ருசி என்று சொல்லிக்கொண்டே சாப்பிட முடியுமா?

மார்ச் 16

மேகம். பறக்கவில்லை. ஜன்னல் பக்கம் பத்து தடவை போயிருப்பேன். ஹார்லன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 27

தனியாகப் போனேன். மேகமெல்லாம் கீழே, பள்ளத்தாக்குகளில் பால் ஊற்றி வைத்ததுபோல். டெனாலி மலையின் தலை மட்டும் வெயிலில் ரோஜா நிறமாக. விமானத்தின் நிழல் மேகத்தின் மேல் ஓடி வந்தது, அதைச் சுற்றி வட்டமாக ஒரு சின்ன வானவில். இடது பக்கம் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. குழந்தை மாதிரி நாலைந்து தடவை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். பாட்டுகூடப் பாடினேன். நல்லவேளை, ரேடியோ பொத்தானில் விரல் இல்லை.

வீட்டில் நுழையுமுன் வாசலில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

ஏப்ரல் 6

சாப்பிடும்போது ஹார்லன், உப்பை எடுத்துக்கொடு என்பது மாதிரி சொன்னான்: "ஃபேர்பேங்க்ஸ்லேர்ந்து கர்ட்னு ஒருத்தன் வரான். பிளேன பாக்க."

"பாக்கவா, வாங்கவா?"

"பாத்துட்டு, வாங்கத்தான்."

"யாரக் கேட்டு?"

"போதும் மாவிஸ். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

நான் கஷ்டப்படுகிறேனா! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான். வெண்ணெய் தடவின ரொட்டிக்கே மறுபடியும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 7

தூக்கமே இல்ல. போகட்டும், வித்துத் தொலைக்கட்டும். அவன் பிளேன், அவன் இஷ்டம். தினம் ஜன்னல் வழியா அதப் பாக்கறது அவனுக்கு வலின்னா நான் என்ன செய்ய முடியும்? நான் பேராசக்காரியா? ஆமாம். ஆமாம்தான்.

ஏப்ரல் 19

கர்ட் வந்தான். நல்ல பையன்தான். சிறகைத் தட்டிப் பார்த்தான், கீழே படுத்துப் பார்த்தான், எஞ்சினில் காதை வைத்துக் கேட்டான். மே மாத ஆரம்பத்தில் வந்து எடுத்துக்கொள்கிறானாம். "அம்மா நல்லா வெச்சிருக்கீங்க" என்று என்னிடம் சொன்னபோது ஹார்லன் விறகு எடுக்க வெளியே போய்விட்டான். அடுப்புப் பக்கம் ஏற்கெனவே விறகு குவிந்துதான் கிடந்தது.

ஏப்ரல் 28

நாளைக்கு வானம் நன்றாக இருக்குமாம். கடைசியாக ஒருமுறை பனியாற்றுக்குப் போய் வருகிறேன் என்று சொன்னேன். "மத்தியானத்துக்குள்ள வந்துடு" என்றான் ஹார்லன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 30

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் கை முழுசாகச் சூடாகவில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. பனியாற்றின் மேல்முனையில் இறங்கி, பிளாஸ்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்தேன். ஏதாவது ஒன்றிடம் விடைபெற வேண்டும் என்று தோன்றியது. எதனிடம் என்று தெரியவில்லை, சும்மா நின்றேன். திரும்பிப் பார்த்தால் வந்த வழி இல்லை. பள்ளத்தாக்கின் வாயில் மேகம் கதவுபோலச் சாத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தரையும் வானமும் ஒரே வெள்ளை. எது மேடு எது பள்ளம் என்று சொல்ல முடியாது.

அவசரப்பட்டுக் கிளம்பியவர்கள் கதை எனக்குத் தெரியும். ஹார்லனோடு முப்பது வருடம் வாழ்ந்ததில் அதையாவது கற்றிருக்கிறேன். எஞ்சினுக்குப் போர்வையைக் கட்டினேன். தூக்கப்பையை எடுத்துக் காலில் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். ரேடியோவை அவ்வப்போது மட்டும் போட்டுப் பார்த்தேன்.

மத்தியானம் தாண்டி வெகுநேரம் கழித்து ஒரு குரல்.

"மாவிஸ். கேக்குதா?"

ஹார்லன்!

"கேக்குது. எங்கேர்ந்து பேசற?"

"உன் தலைக்கு மேல. மேகத்துக்கு மேல. ஜோலீன் ஓட்டறா. மோசமா ஓட்டறா."

"எனக்கும் காது இருக்கு" என்று ஜோலீன் குரல்.

வலிப்பு வந்து விழுந்த நாளிலிருந்து அவன் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. ஜோலீன் கூப்பிட்டபோதும், அவன் தம்பி கூப்பிட்டபோதும் முடியாது என்றவன்.

"எங்கயாவது அடிபட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. பிளேனுக்கும் ஒண்ணும் இல்ல."

"ஸ்கீ பனியில ஒட்டிக்கும். அப்பப்ப எறங்கி சிறகப் பிடிச்சு ஆட்டி விடு."

"ஆட்டிட்டுத்தான் இருக்கேன்."

"பயமா இருக்கா?"

பயம் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அந்தக் கணம் மேகத்தில் எங்கோ ஒரு கிழிசல். ஒரு கருங்கல் முனை மட்டும் அந்தரத்தில் தொங்கியது, அதன் மேல் வெயில். வாய் தானாகப் பேசிவிட்டது.

"இல்ல ஹார்லன். இங்க எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா! சத்தமே இல்ல. பனி விழறதுகூடக் கேக்குது. எனக்கு வரவே மனசில்ல."

ரேடியோவில் வெறும் இரைச்சல். சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அவன் குரல், ரொம்ப மெதுவாக: "அவசரப்படாத. தெளிஞ்சப்பறம் வா."

சாயங்காலம் மேகம் கலைந்தது. சிறகை ஆட்டி, போர்வையை அவிழ்த்து, நான் ஓட்டி வந்த தடத்திலேயே விமானத்தைத் திருப்பிக் கிளம்பினேன். வீட்டில் இறங்கும்போது ஹார்லன் ஓடுபாதை ஓரத்தில் தொப்பிகூட இல்லாமல் நின்றிருந்தான். இறங்கினதும் என் கையுறைகளைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டான்.

மே 1

காலையில் காப்பியோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த வெள்ளைக்குள்ள மாட்டிக்கிட்டு ஒருத்தி சிரிச்ச குரல்ல பேசறா. நான் என்னன்னு நெனக்கறது?"

"மன்னிச்சுக்கோ."

"எதுக்குடி மன்னிப்பு? எனக்காக ஓட்டறன்னு நெனச்சேன். பல்லக் கடிச்சிட்டு, தினமும், எனக்காக. அதப் பாக்க முடியாமத்தான் விக்கறேன்னேன்."

"நான் சந்தோஷமா இருக்கறதப் பாத்தா உனக்கு வலிக்கும்னு நெனச்சேன்."

"வலிக்குது. வலிக்காம என்ன. அதுக்காக? வீட்டுல ஒருத்தருக்காவது கெடைக்கட்டும். ஆனா இனிமே எங்கிட்ட பரவால்லன்னு சொன்ன, பாத்துக்கோ. முழுசா சொல்லணும். காத்து எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி, எல்லாம்."

சொன்னேன். மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி ஆறிப்போனது. ரெண்டு இடத்தில் அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். நான் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தச் சொல்லவில்லை.

மே 2

ஹார்லன் கர்ட்டுக்கு போன் பண்ணினான். "இல்லப்பா, விக்கல. பைலட் ஒத்துக்க மாட்டேங்கறா."

பைலட்!

மே 9

மழை. விட்டதும் என்னோடு பறக்க வா என்று அவனைக் கூப்பிட்டேன். "இன்னும் இல்ல" என்றான். சரி.

மே 24

இன்று காலை அவனாகவே பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான். முழங்காலை மடக்க இடமில்லாமல் முனகினான்.

பாதி வழி வரை என் உயிரை எடுத்துவிட்டான். "மூக்கு மேல போவுது." "இப்பத் திரும்பு. இல்ல, இப்ப." "அந்த முகட்டுக்கு இவ்ளோ கிட்ட எதுக்கு?" வாயை மூடாவிட்டால் பனியாற்றில் இறக்கிவிட்டு வந்துவிடுவேன் என்றேன். "எறக்கிப் பாரு" என்றான்.

பெரிய பனியாற்றின் மேல் வந்தபோது பேச்சு நின்றது. காலை வெயில் பனியில் நீலமாகவும் பொன்னாகவும் கலந்து கிடந்தது. காற்றே இல்லை. எண்ணெயில் மிதப்பதுபோல் போனோம். இது அவனுக்குத் தாங்காது, கூட்டி வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"ஹார்லன்?"

கொஞ்சம் சத்தமாக இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

அப்புறம் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மெதுவாக ஒரு சத்தம் வந்தது. எஞ்சினில் ஏதோ என்று பயந்து எதிரே அளவுகாட்டும் முட்களையெல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி.

குறட்டை.

நேர்வழியில் பள்ளத்தாக்குக்குள் போனால் காற்று தூக்கித் தூக்கிப் போடும், முழித்துவிடுவான். சிறகை மெல்ல, ரொம்ப மெல்லச் சாய்த்து, தெற்கே நீளமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.