மறுக்கா கூப்பிடுங்க, டீச்சர்

டீச்சர்,

இன்று காலையில் அடுக்கம் ரோட்டில், ஒற்றைச் சில்வர் ஓக் மரம் நிற்கிற வளைவில், ஜீப்புக்குள் தைல வாசனை அடித்தது. உங்கள் தைலம்தான். ஒருநாள் பள்ளத்தில் வண்டி குதித்தபோது பின்சீட்டில் பாட்டில் உடைந்து கொட்டியதே, அதே வாசனை. அதற்குப் பிறகு சீட் உறையை மாற்றிவிட்டேன். உள்ளே பஞ்சையும் மாற்றியாயிற்று. சீட்டுத் தைக்கிற பாய், "இனிமே அந்த வாசனை வந்தா எம்பேர மாத்திக்கிறேன்ணே" என்று சபதம் போட்டார். வெயில் நாளில் வருவதில்லை. மேகம் இறங்குகிற நாளில் மட்டும் வருகிறது. பாய் இன்னும் பேரை மாற்றிக்கொள்ளவில்லை.

வாசனைக்குப் பின்னாலேயே குரல் வந்தது. "அண்ணே."

ஒரே ஒருமுறை.

நான் 'என்ன டீச்சர்' என்று கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் கேட்கவில்லை என்று இந்த மலையில் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

டாக்ஸி ஸ்டாண்டில் இதை வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி தானாக நின்றது, ஹாரன் தானாக அடித்தது, வைப்பர் எனக்கு வணக்கம் வைத்தது என்றெல்லாம். பயல்கள் டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள். உங்களிடம் அது செல்லாது. நான் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாதியக் கழிச்சுட்டேன்ணே, மீதியச் சொல்லுங்க" என்பீர்கள். அதனால் இந்த மடலில் கழித்தது போக மீதியைத்தான் எழுதப் பார்க்கிறேன். கை பழக்கத்தில் எங்காவது கூட்டி எழுதினால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

முதல்முதலாக ஸ்டாண்டுக்கு வந்தபோது குடையை மடக்கிக்கொண்டே கேட்டீர்கள்: "வீட்டுல ஒரு பாச, பள்ளிக்கூடத்துல ஒரு பாசன்னு தவிக்கிற பிள்ளைகளுக்காக என்னயப் போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்துக்கும் போகணும், அதுக வீட்டுக்கும் போகணும். ரோடு இல்லாத எடமாத்தான் இருக்கும். வருவீங்களா?"

"எனக்கு ஏழு பாச தெரியும் டீச்சர்" என்றேன்.

"ஏழுமா?"

"எட்டாவது லேசாத் தட்டும்."

அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு அவருடைய இங்கிலீஷைத் திருத்திக்கொண்டு போனார். சரி, அதையும் கழித்துவிடுங்கள்.

நாம் போன வகுப்பறைகள் எல்லாம் ரயில்வே ஜங்ஷன் மாதிரிதான் இருந்தன. ஓட்டல் வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம், நேபாளத்துக் காவல்காரர் மகன் ஒரு பக்கம், எஸ்டேட்டுக்கு வந்த மலையாளத்துக் குடும்பத்துப் பெண் ஒரு பக்கம். ரோட்டுக்குக் கீழே காட்டுக்குள் குடியிருக்கிற சனங்களின் பிள்ளைகள் கடைசி வரிசையில். கரும்பலகையில் மட்டும் ஒரே பாஷை.

வீடுகளுக்குப் போவதில் நீங்கள் ஒரு முறை வைத்திருந்தீர்கள். பேப்பரைப் பையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அவர்கள் கொடுப்பதைக் குடிக்க வேண்டும். 'வா, சாப்பிடு' என்பதை அவர்கள் பாஷையில் கேட்டுக் கற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். திரும்பும்போது யாராவது தாய் தகப்பன் பள்ளிக்கூடத்துக்குக் கூட வந்தால் அவர்களுக்கு முன்சீட்டு. நீங்கள் பின்னால், தார்ப்பாய்ப் படுதாவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் பைகளோடு.

வடக்கத்தி அம்மா ஒருத்தி வாசலில் நின்று ஏதோ மெதுவாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்: பையனுக்குப் படிப்பில் உயிரென்று, ராத்திரி தூக்கத்தில்கூட வாய்ப்பாடு சொல்கிறானென்று, கலெக்டர் ஆக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவள் சபதம் எடுத்திருப்பதாக.

"அண்ணே, அந்தம்மா பேசுனது ரெண்டு வார்த்த."

"மீதியெல்லாம் மொகத்துல இருந்துச்சு டீச்சர்."

நீங்கள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "இதுல பாதியக் கழிக்க வேண்டாம் போல" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் இன்னும் மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் முருகாயி விஷயத்தில் என் ஏழு பாஷையும் கையை விரித்துவிட்டன.

அடுக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த சார். நல்ல மனுஷன்தான், குளிருக்குக் குரங்குக் குல்லாய்க்கு மேல் மப்ளர், அதற்கு மேல் துண்டு. காட்டுக் குடியிருப்பிலிருந்து வரும் முருகாயிக்குக் காது கேட்கவில்லை என்றார். பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை. பாதி நாள் ஆப்சென்ட் போட வேண்டியிருக்கிறது. சமதளத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை உங்கள் கையெழுத்தோடு, என் வண்டியில்தான் அவளை இறக்குவதாகப் பேச்சு.

அன்றைக்கும் ஜன்னல் வழியாக மேகம் வகுப்புக்குள் வந்து நின்றது. சார் கூப்பிட்டார். "முருகாயி."

கடைசி வரிசையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? இதான் நெலம."

நீங்கள் அவளுக்குப் பின்னால் போய் நின்று, கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் காகிதத்தை மெல்லப் பிரித்தீர்கள். அந்தச் சரசரப்புக்கு முருகாயி திரும்பினாள். வகுப்பே திரும்பியது. நானும் திரும்பினேன், அது வேறு விஷயம்.

"காது நல்லாக் கேக்குது சார்."

"அப்ப திமிரு."

"திமிருன்னா வெயிலடிக்கிறப்பவும் இருக்கணும்ல? நேத்து வெயிலு. நேத்துக் கூப்புட்டதுக்கு என்ன செஞ்சா?"

சார் யோசித்தார். "நேத்து 'உள்ளேன்'னு சொன்னா. அதான் டீச்சர் எனக்கும் வெளங்கல. குளிருக்குக் காது அடைச்சுக்கிருமோ?"

அவள் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். முன்னால் போகிற உங்கள் சேலை நிறம்கூடத் தெரியாத மேகம். குடிசைக்குள்ளிருந்து அம்மியில் அரைக்கிற சத்தம் மட்டும் வந்தது. வாசலில் நின்று கூப்பிட்டீர்கள். "அக்கா!"

அரைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. பதில் இல்லை.

"வெரசாப் போயிருவோம் டீச்சர்" என்றேன். நீங்கள் கையைக் காட்டி என்னை அடக்கினீர்கள். "அக்கா!" என்றீர்கள் மறுபடியும். அப்போதும் இல்லை. மூன்றாவது முறை கூப்பிட்டதும், "ஏய்... வா வா!" என்று கதவுத் தட்டியை விலக்கிக்கொண்டு முருகாயியின் தாய் சிரித்தபடி வந்தாள். கையில் மஞ்சள். முதல் கூப்பாடே காதில் விழாதது மாதிரி ஒரு சிரிப்பு.

கிழங்கு அவித்துக் கொடுத்தாள். தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டீர்கள். "மொத மொற கூப்புட்டப்பவே கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் வரல?"

அவள் உங்களைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர்கள் பேச்சு நம் பேச்சு மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். நீங்கள் வேண்டாமென்று தலையசைத்தீர்கள். அவள் மெதுவாக, நமக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள்:

"மேகத்துக்குள்ள ஒருவாட்டி கூப்புடுறது மனுசன் இல்ல. அதுக்கு ஒருவாட்டிதான் கூப்புடத் தெரியும். ஆளு வேணும்னு நெனைக்கிறவன் மறுக்கா கூப்புடுவான்."

அவள் தங்கச்சி ஒருவாட்டிக்கே 'ஏன்' என்று பதில் சொல்லி எழுந்து போனாளாம். மேகம் விலகியபோது பாதை இருந்தது, அவள் இல்லை. அதிலிருந்து அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுகிறார்கள்.

பிறகு அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளயக் கீழ அனுப்பிராத. அங்க யாரு அவள மறுக்கா கூப்புடுவா?"

திரும்பி ஏறும்போது இதை நான் முதலிலேயே யூகித்துவிட்டேன் என்று அளந்துகொண்டு வந்தேன். வண்டியில் உட்கார்ந்த பிறகு, சிலோனில் உங்கள் அப்பா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். வெள்ளனே எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களாம். அதற்குப் பெரட்டு என்று பெயராம். "பெரட்டுல ஒருக்கா கூப்புடுவாங்க. சத்தங் குடுக்காட்டி அன்னிக்கு வேல இல்ல, சோறு இல்ல. இங்க வந்து பள்ளிக்கூடத்துல சேத்தப்ப நான் பேசுற பேச்சக் கேட்டுச் சிரிச்சாங்க. அப்பறம் நான் சத்தங் குடுக்குறதையே விட்டுட்டேன்ணே. யாரும் மறுக்கா கூப்புடல." சொல்லிவிட்டுத் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தீர்கள். அந்தப் பேச்சில் கழிக்க ஒன்றும் இல்லை.

மறுநாளும் மேகம். சாரிடம் போய் நின்றீர்கள்.

"நாப்பது பிள்ளைகள மும்மூணு தடவ கூப்புட்டா மத்தியானச் சோத்துக்குத்தான் பாடம் ஆரம்பிக்கணும் டீச்சர்" என்றார்.

"மேகம் எறங்குற அன்னிக்கு மட்டும் சார். அதுவும் சத்தங் குடுக்காத பிள்ளைக்கு மட்டும்."

சார் மப்ளரை இறக்கிக்கொண்டு கூப்பிட்டார். "முருகாயி." "முருகாயி." அவள் தலையைத் தூக்கினாள். சார் உங்களைப் பார்த்தார். பிறகு, கூப்பிடுகிற மாதிரியே, அவள் வேண்டும் என்கிற மாதிரியே கூப்பிட்டார். "முருகாயி!"

"உள்ளேன் ஐயா!"

அந்தச் சத்தத்தில் மேகம் இரண்டாகக் கிழிந்து, கீழே பெரியகுளம் வரைக்கும் வெயிலில் தெரிந்தது. கழிக்காதீர்கள் டீச்சர். இதில் ஒன்றையும் கழிக்காதீர்கள்.

திங்கட்கிழமை என் வண்டி கீழே இறங்கவில்லை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நேபாளத்துப் பையன், வடக்கத்திப் பையன் எல்லோருமே மேகம் வந்தால் மூன்றாவது தடவைக்குத்தான் 'உள்ளேன்' சொல்வது என்று பிடிவாதம் பிடித்தார்கள். "நீங்க பத்த வச்சுட்டுப் போயிட்டீங்க, நானுல்ல தொண்டயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்று சார் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். வந்தவர் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

போன ஐப்பசியில் மதுரை ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். "டீச்சர்" என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். "சத்தம் போடாதீங்க பெரியவரே" என்று நர்ஸ் அதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். நீங்கள் எழுந்து உட்கார்ந்து, 'என்னண்ணே, வண்டி ரெடியா' என்று கேட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அசைந்தது உங்கள் விரல். அதுவும் ஒரே ஒரு விரல்.

அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியை மலை ஏற்றிக்கொண்டு வருகிறேன், அந்த வளைவில் மேகம். தைல வாசனை. "அண்ணே."

அதிலிருந்து மேகம் இறங்கினால் இதுதான் நடக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தையே மறுபடி கூப்பிட வைத்தவர் நீங்கள். நீங்களாக இருந்தால் மறுபடி கூப்பிடாமல் போவீர்களா? நீங்கள் இல்லையென்றால், உங்கள் குரலை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிற அது என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர். பயத்தைவிட ஆசை பெரிதாக இருக்கிறது, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. 'சொல்லுங்க டீச்சர்' என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

இன்று பக்கத்தில் முருகாயி இருந்தாள். பெரிய பெண் ஆகிவிட்டாள், பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். போகிற வழியில் காட்டுக் குடியிருப்புச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வண்டியில் ஏற்றிவிடுவது அவள் வேலை.

"கேட்டுச்சாத்தா?" என்றேன்.

அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒருவாட்டிதான மாமா கேட்டுச்சு" என்றாள். "வாயத் தெறக்காதீங்க."

"டீச்சரா இருந்தா?"

"டீச்சரா இருந்தா மறுக்கா கூப்புடுவாங்க. இருந்து பாப்போம்."

இருந்து பார்த்தோம். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. அவள் தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேக ஈரம் என்றாள். பிறகு வண்டியை விட்டு இறங்கி, குடியிருப்புக்குப் பாதை இறங்குகிற இடத்தில் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள். அவள் சித்தப்பா மகள் செல்வி, இந்த வருஷம்தான் ஒன்றாவது சேர்ந்திருக்கிறாள்.

"செல்வி!"

மேகம் அப்படியே நின்றது.

"செல்வி!"

நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முறை அவள் கூப்பிட்டபோது கீழேயிருந்து, "ஏ... வாரேன்க்கா!" என்று ஒரு பொடிக்குரல் ஏறி வந்தது. அதற்குப் பின்னால் பையும், எண்ணெய் வழிகிற தலையும், செருப்பில்லாத காலும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வந்தவள் நேராகப் பின்சீட்டில் உங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி, "யாருக்கு மாமா தலவலி?" என்று கேட்டாள்.



வண்டியை எடுத்தேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுப் பாதைக்கு மேலே நின்றாலும் ஹாரனை மூன்று தடவை விட்டு விட்டு அடிக்கிறேன். புது டிரைவர்கள் கேலி செய்கிறார்கள். மேகம் இறங்குகிற நாளில் எல்லா ஜீப்காரனும் பின்பக்கப் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவான். நான் உங்கள் பக்கத்துப் படுதாவை மட்டும் கட்டுவதில்லை. பிள்ளைகள் குளிருது மாமா என்கிறார்கள். போர்வை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஒருமுறைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், டீச்சர். அது நீங்கள் வாங்கிக் கொடுத்த பாடம். ஆனால் என் காது பின்னாலேயே இருக்கிறது. மறுக்கா கூப்பிடுங்கள்.