பக்கத்துக் கிணற்றின் அழுத்தம்

வியாழன், இரவு

அமெரிக்காவில் நானும் தங்கை புருஷன் சேகரும் பங்கு வாங்கிய பழைய ஷேல் பாறை எண்ணெய்க் கிணறு வற்றிக்கொண்டிருந்தது. இந்த மாதம் திடீரென்று பொங்குகிறது.

அங்குள்ள இன்ஜினியரிடம் காரணம் கேட்டேன். பக்கத்தில் புதுக் கிணறு போட்டு, பாறையை உடைக்கத் தண்ணீரை அழுத்திச் செலுத்துகிறார்கள். அது எங்கள் கிணற்றின் எண்ணெயை மேலே தள்ளுகிறது. கொஞ்ச நாளில் வெறும் தண்ணீர்தான் வருமாம்.

சாயங்காலம் சேகர் என் தி.நகர் கடைக்கு ஓடி வந்தான். "மச்சான், உங்க பங்கையும் எனக்கே குடுத்துடுங்க. எங்க வேளச்சேரி வீட்டை வித்துப் பணம் தரேன்."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "இன்னா மச்சான், எங்கிட்டயே யாவாரமா? சரி, இன்னும் ஏத்தித் தரேன்."

தர மாட்டேன் என்று முடித்திருக்கலாம். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விளக்கை அணைத்தால், தங்கை அந்த வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டுகிற சத்தம் கேட்கிறது.