பன்னிரண்டாவது பாட்டில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் மாத்திரையும் நாங்களுமாக நல்லபடி நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படியாக எண்ணுகிறார், மொத்தம் பதினாறுதான் என்று தெரிந்தும் தினமும் எண்ணுகிறார். அக்கா போன் பண்ணினாள், அவளுடைய சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாம், சிரித்தால் தெரிந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாளாம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதற்கு ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். இப்படியே இன்னும் இரண்டு பக்கம் என்னால் எழுத முடியும். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைகள் கேள்வியையே அழகான கையெழுத்தில் திரும்ப எழுதிவைப்பார்கள், நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய் இல்லையா, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உன் வேர்க்கடலை வெண்ணெயில் சர்க்கரையும் அந்தக் கெட்டிப்படுத்திய தாவர எண்ணெயும் சேர்க்கப்போகிறேன் என்று, "அம்மா, நீங்க இருக்கிற ஊர்லயே திருப்பிக் கொடுத்துட்டாங்க, அப்புறம் நான் யார்கிட்ட விக்கிறது" என்று. அதைச் சேர்க்காதே தம்பி. உன் பண்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை செய்தது நான். இன்று காலை போனில், ஒரு கடிதம் வருகிறது, அதைப் படிக்கிறவரை புதிதாக எதுவும் கலக்காதே என்றேன், ஏன் என்று நீ கேட்டதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். போனில் சொல்லப் போனால் நீ பாதியிலேயே "சரி விடும்மா" என்று நிறுத்திவிடுவாய், நானும் அப்பாடா என்று நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

நீ முதன்முதலில் மாதிரிக்கு என்று பன்னிரண்டு பாட்டில் அனுப்பினாயே, அந்தப் பெட்டி வந்த அன்று அப்பா முடிவெட்டப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். எல்லாப் பாட்டிலிலும் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது, கீழே மண் போல இறுகிக் கிடந்தது. லாரி வெயிலில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவரை உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார், அப்பா அவருக்குத் தராசு என்றே பெயர் வைத்திருக்கிறார். அவரிடம் இதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. உனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை. பதினொரு பாட்டில் எண்ணெயையும் ஒரு சொட்டு விடாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். மிச்சத்தைத் தோண்டினேன், ஸ்பூன் வளைந்துவிட்டது. பிறகு பையை எடுத்துக்கொண்டு தராசின் கடைக்குப் போகாமல் இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெரிய கடைக்குப் போய், பெரிய கம்பெனி பாட்டில் மூன்று வாங்கி வந்து, பெரிய பாத்திரத்தில் உன்னுடையதையும் அதையும் போட்டுப் பிசைந்து, உன் பாட்டில்களிலேயே திரும்ப நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடிவைத்தேன். காலிப் பாட்டில் மூன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். சுற்றினேன் என்பதைப் பார், தப்பு என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. வேறொருவன் எழுதிய விடையை என் பிள்ளையின் விடைத்தாளில் நானே ஒட்டினேன். இப்படிச் செய்த பிள்ளைகளின் அம்மாக்களை வரவழைத்து, முப்பத்தோரு வருஷம் எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். தராசு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர், அறுபது பாட்டில் அனுப்பச் சொல்லுங்க" என்றார். அப்பா ஒரு ஸ்பூன் வழித்து வாயில் போட்டு, "பாத்தியா, நம்ம பையன் கெட்டிக்காரன்" என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, உன்னுடையதில் கடலையைத் தவிர ஒன்றுமே கிடையாது என்று நான் சொன்னதை நம்பித்தான் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். மறுநாள், "வெறும் கடலைக்கே இவ்வளவு இனிப்பா டீச்சர்?" என்று கேட்டார், நல்லா வறுத்தா அப்படித்தான் இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உடனே, "அந்தப் பாட்டிலைக் கொடுங்க, பாட்டில் மாத்திக் கொடுத்துட்டேன், வேற தரேன்" என்று ஏதோ உளறி அதைத் திரும்ப வாங்கிவிட்டேன், அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவில்லை.

பிறகு உன் அறுபது பாட்டில் வந்தது, நீ செய்தபடியே, எண்ணெய் மேலே நிற்க. முதல் வாரத்திலேயே ஒன்பது பேர் திருப்பிக் கொடுத்தார்கள். நான் சோப்பு வாங்கப் போய் நின்றபோது நாலு பேர் முன்னால் தராசு, "சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா? உங்க பையன் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல டீச்சர்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "பையன்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சோப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் உனக்குப் போன் பண்ணினார், நீ மன்னிப்புக் கேட்டாய், பிறகு என்னிடம், "அம்மா, மொதல்ல வந்தது நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாய். நல்லாத்தான்பா இருந்துச்சு என்றேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதை நம்பி நீ அரவை இயந்திரத்தைப் பிரித்துப் போட்டாய், இரண்டு வருஷமாகக் கடலை தந்துகொண்டிருந்த பெரியவரிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், மருமகள் வறுப்பதில்தான் கோளாறு என்று அவளோடு நாலு நாள் பேசாமல் இருந்தாய். இல்லாத தப்பை நீங்கள் இரண்டு பேரும் மாவு சலிப்பது போலச் சலித்துத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் இங்கே உட்கார்ந்து, தேடுங்கள், கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பன்னிரண்டாவது பாட்டிலை எடுத்தேன். அக்காவுக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்தது, அதை மட்டும் நான் தொடவில்லை. ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். சேர்மானம், வேர்க்கடலை. அதற்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது இயல்பு, அடிவரை நன்றாகக் கிளறிவிட்டுச் சாப்பிடவும் என்று நீயே எழுதியிருக்கிறாய். கேள்வியை முழுசாப் படி, முழுசாப் படி என்று எத்தனை பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் வெட்டியிருப்பேன். அதைவிடப் பெரிய கூத்து, கலவைகளைப் பிரித்தல் என்கிற பாடத்தை முப்பத்தோரு வருஷம் நடத்தியவள் நான், லேசானது மேலே வரும் என்று பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டியவள். அடுப்பு மேடையில் வைத்து ஒரு கத்தியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறினேன். ஐந்து நிமிடத்தில் மண்ணெல்லாம் இளகி, பளபளவென்று, ஊற்றினால் வழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. அப்பாவை விட்டுக் கம்பெனி பாட்டில் ஒன்று வாங்கிவரச் சொல்லி, இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் தட்டில் வைத்துப் பார்த்தேன். கம்பெனிக்காரனுடையதை மட்டம் என்று சொல்ல மாட்டேன், வழுவழுவென்று இருக்கிறது, வாயில் வைத்த உடனே இனிக்கிறது, பிறகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. உன்னுடையது முதலில் சும்மா இருக்கிறது, கொஞ்சம் கழித்துத்தான் வறுத்த வாசனை மூக்குக்கு ஏறுகிறது, கடைசியில் தோலின் லேசான கசப்புக்கூடத் தெரிகிறது, கடலை தின்ற மாதிரியே இருக்கிறது. பிரம்போடு ஒருவர் வாசலில் நிற்பதால் அசையாமல் உட்கார்ந்திருக்கிற வகுப்பு அவனுடையது. உன்னுடையது ஆசிரியர் போனதும் கலைந்துவிடும், கூப்பிட்டால் வந்து சேர்ந்துகொள்ளும். எனக்கு எந்த வகுப்பு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், அப்படியிருந்தும் உன்னைத்தான் கெட்டுப்போனது என்று நினைத்தேன்.

ஏன் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ கடலை அரைக்கப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது பையன் என்ன பண்றான் என்று கேட்டால், ஏதோ உணவுத்துறையில் இருக்கிறான் என்று மழுப்புவேன். உன்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. நீ செய்தது எப்படியும் சரியாக வராது என்று முன்பே முடிவுகட்டி வைத்திருந்ததால்தான் எண்ணெயைப் பார்த்ததும் லேபிளைத் தேடாமல் தொட்டியைத் தேடினேன். இப்போது வெட்கப்பட வேண்டியவள் யார் என்று எனக்குத் தெரிகிறது.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நான் பெருமையா வழிச்சுத் தின்னதுல பாதிதான் என் பையனா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னபோது தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார், "அன்னிக்கே இனிப்பு எப்படின்னு யோசிச்சேன், டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றார், மறுபடி மிதிக்கத் தொடங்கிவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தராசிடம் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போனேன், அதிலும் என் தந்திரம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி டீச்சர், நான் உங்க பையனை நாலு பேர் முன்னாடில்ல சொன்னேன்" என்றார். அதனால் மறுநாள் காலை, பால் வாங்க எல்லாரும் வருகிற நேரத்தில், கல்லா பக்கத்தில் ஒரு பாட்டிலும் கத்தியுமாக நின்று, கிளறிக்கொண்டே வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். கை வலித்தது, குரல் ஒரு தடவை உடைந்தது, முப்பது பேர் வகுப்பில் உடையாத குரல். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, இப்போது வங்கியில் இருக்கிறாள், கத்தியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், "டீச்சர், லேசானது மேல வரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்துதான் அழுதேன். திருப்பிக் கொடுத்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மறுபடி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர், எங்க பிள்ளைங்களுக்கு இனிப்பு இருந்தாத்தான் இறங்கும் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள், அது அவர்கள் இஷ்டம். மீதி இரண்டு பேர் இன்னும் கடைப் பக்கம் வரவில்லை, வந்ததும் அவர்களிடமும் சொல்வேன். தராசு அடுத்த சரக்குக்கு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கிளறச் சொல்லும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இனி உன் இஷ்டம். சர்க்கரை சேர்ப்பதானாலும் சேர், ஆனால் அதை விரும்பிச் சேர், நான் சொன்ன பொய்யால் சேர்க்காதே. கடலை தந்த பெரியவரிடம் நேரில் போ, போனில் வேண்டாம். என்மேல் கோபம் வரும், வரட்டும், அதை உடனே இறக்கிவைத்துவிட்டு எனக்கு ஆறுதல் எழுதாதே. பதில் எழுத மனசு வருகிற அன்றைக்கு எழுது, அதுவரை நான் தபால்காரரைக் கேட்க மாட்டேன். பன்னிரண்டாவது பாட்டிலை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன், உள்ளே ஒரு ஸ்பூன் குறைவாக இருக்கும், எதற்கு என்று அவளுக்கும் எழுதிவிட்டேன். நேற்று புதிதாக வந்த தபால்காரர், உங்கள் பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று என்னிடம் கேட்டார், வேர்க்கடலை வெண்ணெய் செய்கிறான் என்றேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம் ஒத்து, செய்கிற தொழிலில் தலைநிமிர்ந்து நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தை மருமகள் கையில் கொடு, நீ சுருக்கிச் சொல்லாதே, அவளே படிக்கட்டும், அவள் வறுத்ததில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு என் கையெழுத்தில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
கேள்வியை முழுசாகப் படிக்காத
உன் அம்மா