கடையில் வாங்காத கிறிஸ்துமஸ்

டிசம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்ற பயத்தில் அப்பாவை விட்டு விலாசம் எழுத வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. அதில் முதல் பாதி பொய் என்பதால் விட்டுவிட்டேன். இரண்டாவது பாதி மெய்.

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் நான். நீ அனுப்பிய கடிதங்களையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். இந்தக் கிறிஸ்துமஸ் அன்று நம் வீட்டில் நடந்ததை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா சொன்னால் அழுகைதான் முன்னால் வரும். அப்பா சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார்.

என் மகள், நம் வாலு, போன பிறகு நாங்கள் கிறிஸ்துமஸ் என்று ஒன்றும் கொண்டாடவில்லை. சர்ச்சுக்குப் போவோம், வந்து ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொள்வோம். இந்த வருஷம் அம்மா பிடிவாதமாக நின்றாள். "பெரியவனுக்குப் பத்து வயசாயிடுச்சு. அவன் என்னடி பாவம் பண்ணினான்? அவனும் குழந்தைதானே?" என்று கேட்டாள். இருபதாம் தேதியே நாங்கள் மூன்று பேரும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கடையில் வாங்கிய எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. மரம், நட்சத்திரம், கேக், பரிசு எல்லாம் நம் கையால் செய்தது.

உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே, கணக்கு வாத்தியார். பழைய காலண்டர் தாளில் நட்சத்திரம் வெட்ட உட்கார்ந்தவர் காம்பஸும் கோணமானியும் வேண்டும் என்று அடம்பிடித்தார். ஒரு நட்சத்திரத்துக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் பெரியவன் கத்தரிக்கோலால் இஷ்டத்துக்கு வெட்டிப் பன்னிரண்டு ஒட்டிவிட்டான். அப்பா பழைய பல்புகளையெல்லாம் கோத்து ஒரு சரம் செய்தார். ஆயுசு முழுக்க ஊருக்கு வயரிங் செய்த மனிதர், சொந்த வீட்டில் ஃபியூஸ் போக்கிவிட்டார். அம்மா மாவு பிசைந்த கையோடு இருட்டில் நின்றுகொண்டு, "நல்லா வந்தார்யா எலெக்ட்ரீஷியன்!" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் சிரிப்பு எனக்கே அடுத்த வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டது. சிரித்த கையோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த ஐந்து நாள் வீடு முழுக்க வெண்ணெயும் பசையும் கலந்த வாசனை. பெரியவன் சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே குடியிருந்தான். வெளியே குளிர், உள்ளே அடுப்பு. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் எங்களைப் போலக் கொடுத்துவைத்தவர்கள் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பரிசுகளைப் பிரித்தோம். அம்மா எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னியிருந்தாள். எனக்குக் கை நீளம், அத்தானுக்குக் கை குட்டை. மாற்றிக்கொண்டோம். கடைசியாக அம்மா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பெரியவனிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அனுப்பியவர் பேர் இல்லை. ஆனால் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அதற்கு மேல் நூலும் சுற்றிக் கட்டுகிறவன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். உன்னிடமிருந்து அதை வரவழைத்ததே தான்தான் என்று அம்மா பிறகு ஒப்புக்கொண்டாள்.

பென்சில் பெட்டி அழகாக இருந்தது, தம்பி. இழுத்து மூடுகிற மூடி, உள்ளே ரப்பருக்குத் தனி இடம். வேலை செய்யும் கிடங்கில் மிஞ்சுகிற பலகையில் செய்தாய் என்று அம்மா சொன்னாள். நான் அதைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் அவன் உள்ளே இருந்த துண்டுத் தாளை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

"நல்லா படி கண்ணா. வெளிய போகும்போது கேட்டைச் சாத்தினோமான்னு ரெண்டு தடவை திரும்பிப் பாரு. மாமா செஞ்ச தப்பை நீ செஞ்சிடாதே."

அவன் தாளை மடித்தான். பிறகு ஏதோ வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, "மாமா அன்னைக்குச் சாத்திட்டுத்தானே போனாரு? நான் மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேனே" என்றான்.

உன் அத்தான் மெதுவாக, "என்னடா சொல்றே?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்? அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது, அதுவும் எனக்காகப் பட்ட பயம். உடனே தலையைக் குனிந்துகொண்டு, "இல்லப்பா, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றான்.

ஏழு வயதில் பார்த்ததை அந்தக் குழந்தை மூன்று வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. அவன் அம்மாவான நான் சொன்னது வேறாக இருந்ததால். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நீ டீ குடித்துவிட்டு எழுந்து போனாய். கேட்டைச் சாத்தினாய், கொக்கியும் போட்டாய். சலவைக் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்து, எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை வெளுத்த விரிப்பு என்று சீட்டில் குறித்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் உன் சாப்பாட்டு டப்பா அடுப்பு மேடையிலேயே இருப்பதைப் பார்த்தேன். வாலு காலைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் கையில் டப்பாவைக் கொடுத்து, நானே வாசலுக்குப் போய்க் கொக்கியைத் தூக்கி, "ஓடு, மாமாகிட்ட குடுத்துட்டு வா" என்றேன். நாலு வயதுக்கு அந்தக் கொக்கி எட்டவே எட்டாது. அதை யாரும் யோசிக்கவில்லையே என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். நீ வண்டியைப் பின்னால் எடுத்தாய்.

நீ அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் கத்தியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே கிடந்த டப்பாவை எடுத்தேன். உள்ளே கொண்டுபோய்க் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகுதான் வெளியே ஓடி வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். விடை கிடைக்கவில்லை. போலீஸ்காரர் கேட்டபோது, "தம்பி கேட்டைச் சாத்தாம போயிட்டான் சார்" என்று சொன்னது என் வாய்தான். கோர்ட்டில் உன்னைக் கேட்டார்கள். "எனக்கு ஞாபகம் இல்லைங்க. அக்கா சொன்னா அப்படித்தான் இருக்கும்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு மாதம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று. யாரும் உன்னைத் தெரியாத ஊருக்குப் போய்விட்டாய். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம், "இப்ப தெளிவா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லி முடித்ததும் உன் அத்தான், "மூணு வருஷம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து பெரியவனுக்குச் செருப்பை மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவன் வாசலில் நின்று, "அம்மா வரலையா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அம்மா யாரையும் பார்க்காமல், ஐந்து தட்டிலும் கேக் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் உள்ள போன அன்னைக்காவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. ஏதோ நான் வழி தவறிப் போனவள் போலவும், அவர் வழி சொல்வது போலவும் அப்படி ஒரு குரல்.

நேற்று முன்தினம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். முழுவதும் படித்துவிட்டு, பொய் சொன்னது சின்ன விஷயம் இல்லை, மேலதிகாரிக்கு அனுப்புகிறேன், ஆனால் முடிந்துபோன வழக்கு, என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, "வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிங்கம்மா" என்றார். எந்தப் பிள்ளையை? ஒருத்தி மண்ணுக்குள் இருக்கிறாள். இன்னொருவன் ஃபோனில் வர மாட்டேன் என்கிறான். தண்டனை கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத ஒருத்தியாக அந்தப் படிக்கட்டில் இறங்கி வந்தேன்.

இதை எழுதுவது மன்னிப்புக் கேட்க அல்ல. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். நீ தூங்குவதில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்று அம்மா யாரிடமோ சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். குழந்தை பின்னால் வருவாள் என்று உனக்குத் தெரிய வழியே இல்லை. அவளை அனுப்பியது நான். இனிமேலாவது படுத்தால் தூங்கு.

அப்பாவும் அம்மாவும் நான்காம் தேதி ரயிலில் உன்னிடம் வருகிறார்கள். போன வருஷம் அப்பா வந்தபோது உள்ளேயே இருந்துகொண்டு கதவைத் திறக்கவில்லையாமே. இந்தத் தடவை திற. அம்மாவுக்கு முழங்கால் வலி, நிற்க வைக்காதே. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. திரும்பி வருகிறபோது அவர்கள் உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தால், நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன். வேலை செய்யும் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டேன். என் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "பரவாயில்லக்கா" என்று எழுதிவிடாதே. சின்ன வயதிலிருந்து நான் எதை உடைத்தாலும் நீ அதைத்தான் சொல்வாய். இந்தத் தடவை வேண்டாம். வாயில் வந்தபடி திட்டி எழுது. தாளெல்லாம் திட்டு. ஒரு வார்த்தை விடாமல் படிப்பேன்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான உறக்கமும் தரட்டும். எனக்காக எதுவும் கேட்கவில்லை, உனக்காக மட்டும் தினமும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீ இன்னமும் அப்படிக் கூப்பிடுவாயானால்,
உன் அக்கா